பீட்டா சிதைவை வைத்து அணுக்கருவின் கூடுகளை எப்படிப் படிக்கிறார்கள்?

கேள்வி இது: “பீட்டா சிதைவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுகிறது, ஒரு எலக்ட்ரானும் ஒரு எதிர்நியூட்ரினோவும் வெளியே வருகின்றன. அதை வைத்து அணுக்கருவுக்குள் கூடுகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று எப்படிச் சொல்ல முடியும்? அதோடு, நியூட்ரான் மிகுந்த அணுக்கருக்களில் மாய எண்கள் மாறிவிடுகின்றன என்கிறார்களே, எண் எப்படி மாறும்?”

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது தெரியாமல் முதலாவதன் அருமை புரியாது.

எலக்ட்ரான்கள் அணுவில் கூடு கூடாக நிரம்புவதைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். அணுக்கருவுக்குள் புரோட்டான்களும் நியூட்ரான்களும் ஏறக்குறைய அதே மாதிரிதான் நிரம்புகின்றன, இரண்டுக்கும் தனித்தனிக் கூடுகள். 2, 8, 20, 28, 50, 82 என்ற எண்ணிக்கையில் ஒரு கூடு நிரம்பி முடிகிறது, நியூட்ரானுக்கு அதற்கு மேல் 126 உண்டு. இவைதான் மாய எண்கள். 28-ம் அதற்கு மேற்பட்ட எண்களும் ஏன் வருகின்றன என்பதை 1949-ல் மரியா கோப்பெர்ட் மேயரும், அவரோடு தொடர்பில்லாமல் ஜெர்மனியில் ஹான்ஸ் யென்சன் குழுவும் விளக்கினார்கள். துகளின் தற்சுழற்சிக்கும் அது சுற்றும் பாதைக்கும் உள்ள பிணைப்பு அணுக்கருவில் மிக வலுவானது, அதுதான் மட்டங்களைப் பிரித்துப் போடுகிறது என்பதே விளக்கம். 1963-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு அணுக்கரு ‘மாய’மானதா என்று பார்க்கக் கைவசம் இருக்கும் எளிய அளவுகோல், அதை முதல் கிளர்ச்சி நிலைக்கு ஏற்ற எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பது. கூடு நிரம்பியிருந்தால் ஒரு துகளை அடுத்த கூட்டுக்குத் தூக்க வேண்டும், அதற்குச் செலவு அதிகம். கால்சியம்-40-ல் 20 புரோட்டான், 20 நியூட்ரான், இரண்டும் மாய எண். அதன் முதல் 2+ நிலை (தற்சுழற்சி 2, பாரிட்டி நேர்; பாரிட்டி என்பது கண்ணாடி பிம்பம்போலத் திருப்பினால் நிலையின் குறி மாறுமா என்பது, மாறாவிட்டால் நேர் அதாவது +, மாறினால் எதிர் அதாவது -) 3.9 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்கிறது. (ஆய்வகத்தில் யாரும் இதை முழுசாகச் சொல்வதில்லை, எம்.இ.வி. என்பார்கள். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கே.இ.வி.) கால்சியம்-48-லும் 3.8 எம்.இ.வி. நடுவில் உள்ள சாதாரண அணுக்கருக்களில் இது ஒன்று, ஒன்றரை எம்.இ.வி.தான்.

மேயர் பார்த்த தரவு எல்லாம் நிலையான, அல்லது ஏறக்குறைய நிலையான அணுக்கருக்களிலிருந்து வந்தது. இயற்கையில் கிடைக்கும் சோடியம் ஒன்றே ஒன்று, 23. அதற்கு மேலே 31, 32 என்று நியூட்ரானை அடுக்கிக்கொண்டே போனால் அதே மாய எண்கள் நிற்குமா என்று அப்போது யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. நிற்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அந்த நினைப்பு 1975-ல் ஆடிப்போனது. பிரான்சின் ஓர்சே நகரத்துக் குழு ஒன்று செர்ன் ஆய்வகத்தின் புரோட்டான் கற்றையை யுரேனிய இலக்கில் மோதவிட்டு, தெறித்து வந்த சோடியம் ஐசோடோப்புகளின் நிறையை 32 வரை அளந்தது. சோடியம்-31-ல் நியூட்ரான் 20. கூடு அங்கே மூடுவதால், அதைத் தாண்டி வரும் நியூட்ரானின் பிணைப்பு சட்டென்று தளர வேண்டும். தளரவில்லை. சோடியம்-31, 32 இரண்டும் எதிர்பார்த்ததைவிட இறுக்கமாகப் பிணைந்திருந்தன. அவை கோள வடிவம் இழந்து நீண்டுவிட்டன என்று சொன்னால் கணக்கு ஒத்துவருகிறது என்று அதே ஆண்டு கோட்பாட்டாளர்கள் காட்டினார்கள். ஆனால் நிறை என்பது ஒற்றை எண். அதை வைத்து ‘உள்ளே இதுதான் நடக்கிறது’ என்று அடித்துச் சொல்ல முடியாது.

பீட்டா சிதைவு உள்ளே வருவது இங்கேதான். சோடியம்-32-ல் 11 புரோட்டான், 21 நியூட்ரான். ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறினால் 12 புரோட்டான், 20 நியூட்ரான் கொண்ட மக்னீசியம்-32 பிறக்கிறது. அது அடிநிலையிலேயே பிறக்க வேண்டும் என்பதில்லை. சிதைவில் மிஞ்சும் ஆற்றல் தாராளமாக இருப்பதால் பல நேரம் கிளர்ச்சி நிலைகளில்தான் பிறக்கும், பிறகு காமா கதிர்களை விட்டபடி படிப்படியாகக் கீழே இறங்கும். அந்தக் காமா கதிர்களை அளந்தால் படிகளின் உயரம் தெரிந்துவிடும். 1979-ல் அதே ஓர்சே அணியினர் வெளியிட்ட முடிவில் ஒரு காமா கோடு துருத்திக்கொண்டு நின்றது: 885 கே.இ.வி. மக்னீசியம்-32-ன் முதல் 2+ நிலை அதுதான்.

20 நியூட்ரான் உள்ள அணுக்கருவில் 0.885 எம்.இ.வி.! இரண்டே இரண்டு புரோட்டான் கூடுதலாக உள்ள சிலிக்கான்-34-ல் இதே நிலை 3.3 எம்.இ.வி.யில் இருக்கிறது. நியூட்ரான் எண்ணிக்கை இரண்டிலும் 20-தான். இரண்டு புரோட்டானை எடுத்ததும் மாயம் போய்விட்டது. 1995-ல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வகத்தில் வேறு வழியில், மக்னீசியம்-32 கற்றையை ஈய இலக்கின் மின்புலத்தில் கிளர்ச்சியூட்டிப் பார்த்து, அது நன்றாகவே நீண்டு உருமாறியிருக்கிறது என்று உறுதிசெய்தார்கள். ஆனால் முதல் துப்பைக் கொடுத்தது பீட்டா சிதைவு, அதுவும் 16 ஆண்டுகள் முன்பாகவே.

சரி, எண் எப்படி மாறுகிறது? மாய எண் என்பது இரண்டு மட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிதான், வேறொன்றும் இல்லை. நியூட்ரான் மட்டங்களின் உயரம் நியூட்ரான்களால் மட்டும் தீர்மானமாவதில்லை, புரோட்டான்கள் எந்த மட்டத்தில் இருக்கின்றன என்பதும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கிறது. டி-5/2 மட்டத்தில் (டி, எஃப் போன்ற எழுத்து சுற்றுப்பாதையின் வகை, பின்னம் பாதையும் தற்சுழற்சியும் சேர்ந்த கோண உந்தம்) உள்ள புரோட்டான்களும் டி-3/2 மட்டத்தில் உள்ள நியூட்ரான்களும் ஒன்றையொன்று வலுவாக இழுக்கும். சிலிக்கானில் டி-5/2 புரோட்டான்களால் நிரம்பியிருக்கிறது, அதனால் நியூட்ரானின் டி-3/2 கீழே இழுத்து வைக்கப்பட்டு, அதற்கு மேலே 20 என்ற இடைவெளி அகலமாக இருக்கிறது. மக்னீசியம், நியான், ஆக்சிஜன் என்று புரோட்டான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினால் அந்த இழுப்பு குறைந்து டி-3/2 மேலே மிதந்து வருகிறது. 20-ன் இடைவெளி ஒடுங்குகிறது, கீழே 16-ல் புதிதாக ஒன்று திறக்கிறது. ஆக்சிஜன்-24 மாய அணுக்கருபோல நடந்துகொள்வது இதனால்தான். 2005-ல் தக்காஹாரு ஒட்சுகா குழுவினர் இந்த இழுப்பில் டென்சர் விசைக்கு (துகள்களின் தற்சுழற்சித் திசையைப் பொறுத்து மாறும் அணுக்கரு விசையின் ஒரு பகுதி) பெரிய பங்கு உண்டு என்று காட்டியபின் இந்தச் சித்திரம் பரவலாக ஏற்கப்பட்டது. மக்னீசியம்-32-ஐச் சுற்றி உள்ள இந்தப் பகுதிக்கு ‘தலைகீழ்த் தீவு’ என்று 1990-ல் பெயர் வைத்தார்கள். மேலே இருக்க வேண்டிய நிலை கீழேயும், கீழே இருக்க வேண்டியது மேலேயும் போய்விட்ட இடம்.

இப்போது முதல் கேள்வி. காமா கோடுகள் மட்டும்தான் லாபம் என்றால் வேறு அணுக்கரு வினைகளிலும் அவை கிடைக்கும். பீட்டா சிதைவின் தனிச்சிறப்பு, அது எந்தக் கதவைத் தட்டுவது என்பதில் காட்டும் கறார்தான்.

ஒரே வரைபடத்தில் கட்டிய இரண்டு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள், ஒன்று நியூட்ரான் வீடு, மற்றது புரோட்டான் வீடு. வெளியேறும் எலக்ட்ரானும் எதிர்நியூட்ரினோவும் பொதுவாகச் சுற்றுப்பாதைக் கோண உந்தம் எதையும் எடுத்துப்போவதில்லை. எனவே நியூட்ரான் எந்த அறையில் இருந்ததோ, புரோட்டானாக மாறியபின் எதிர்வீட்டில் அதே மாதிரி அறையில்தான் குடியேற முடியும். அதிகபட்சம் தற்சுழற்சியைத் திருப்பிக்கொள்ளலாம், டி-5/2 அறையிலிருந்து டி-3/2 அறைக்குப் போகலாம். மொத்தத் தற்சுழற்சி ஒன்றுக்கு மேல் மாறாது, பாரிட்டி மாறவே மாறாது. இதற்கு ‘அனுமதிக்கப்பட்ட’ சிதைவு என்று பெயர். விதியை மீறிய சிதைவுகளும் நடக்கும், அவற்றை ‘தடுக்கப்பட்டவை’ என்பார்கள், ஆனால் அவை மிக மெதுவாகத்தான் நடக்கும்.

ஆக, எந்த நிலைக்கு எவ்வளவு வேகமாகச் சிதைகிறது என்று அளந்தால், நியூட்ரான் முன்பு எந்த அறையில் இருந்தது, எந்த அறை காலியாக இருந்தது என்று துப்புக் கிடைக்கும். இதற்கு மூன்று அளவுகள் வேண்டும்: அரை ஆயுட்காலம், சிதைவில் வெளியாகும் மொத்த ஆற்றல், ஒவ்வொரு நிலைக்கும் போகும் பங்கு. ஆற்றல் கூடினால் சிதைவு ஏறக்குறைய அதன் ஐந்தாம் அடுக்கில் வேகமாகும், ஆற்றல் இரட்டித்தால் வேகம் 32 மடங்கு. இந்த ஆற்றலின் விளைவைக் கழித்துவிட்டு மிஞ்சுவதை மடக்கையில் எழுதி ‘லாக்-எஃப்டி’ என்பார்கள். 4 முதல் 6 வரை இருந்தால் பெரும்பாலும் அனுமதிக்கப்பட்டது, அதற்கு மேல் 9 வரை போனால் தடுக்கப்பட்டது. நடுவில் மங்கலான எல்லை ஒன்று உண்டு, சண்டைகள் எல்லாம் அங்கேதான் நடக்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தக் கறார் எவ்வளவு உபயோகம் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் சிலிக்கான்-34. அதன் அடிநிலை கோள வடிவம். தலைகீழ்த் தீவின் கரையில் இருப்பதால், உருமாறிய ஒரு 0+ நிலை கொஞ்சம் மேலே ஒளிந்திருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் பல ஆண்டுகள் தேடியும் சிக்கவில்லை. தாயான அலுமினியம்-34-ன் அடிநிலை 4-. அங்கிருந்து 0+ நிலைக்குப் போக விதி இடம் கொடுக்காது. ஆனால் அதே அலுமினியம்-34-ல் 26 மில்லி விநாடி வாழும் இன்னொரு நிலை உண்டு, அதன் தற்சுழற்சி 1, பாரிட்டி நேர். 1+ நிலைக்கு 0+ கதவு திறந்தே இருக்கிறது. பிரான்சின் ‘கானில்’ (GANIL) என்ற ஆய்வகத்தில் அந்த நிலையை உண்டாக்கிச் சிதையவிட்டு, 2012-ல் அந்த 0+ நிலையை 2719 கே.இ.வி.யில் பிடித்தார்கள். அதுவும் காமாவில் இல்லை: 0+ நிலையிலிருந்து 0+ நிலைக்கு ஒற்றைக் காமா விட முடியாது. எனவே எலக்ட்ரான், பாசிட்ரான் ஜோடியாக வெளிவந்ததைப் பிடித்துக் கூட்டிப் பார்த்தார்கள். சரியான தாயைத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை முடிந்தது என்று இந்தத் துறையில் சும்மா சொல்வதில்லை.

கால்சியம் பக்கமும் இதே பாணிதான். 1985-ல் செர்ன் ஆய்வகத்தின் ஐசோல்டே நிலையத்தில் பொட்டாசியம்-52 சிதைவதைப் பார்த்துக் கால்சியம்-52-ன் முதல் கிளர்ச்சி நிலையை 2.56 எம்.இ.வி.யில் கண்டார்கள். அதற்கு முந்தைய கால்சியம்-50-ல் அது 1.03-தான். பழைய பட்டியலில் இல்லாத 32 என்ற எண் மாய எண்போல நடந்துகொள்கிறது! 2013-ல் ரிக்கென் ஆய்வகத்தில், பீட்டா வழியாக இல்லாமல் வேகமான கற்றை வினைகளில், கால்சியம்-54-ல் அது 2.04 என்று தெரிந்து 34-ம் பட்டியலில் சேர்ந்தது. மக்னீசியத்தில் பார்த்த அதே தர்க்கம்தான், அறைகளின் பெயர் மட்டும் வேறு: எஃப்-7/2 அறையில் புரோட்டான்கள் இல்லாததால் நியூட்ரானின் எஃப்-5/2 மேலே போய்விடுகிறது. ஆனால் 2016-ல் கால்சியம்-52-ன் மின்னூட்ட ஆரத்தை (புரோட்டான்கள் எவ்வளவு தூரம் பரவியிருக்கின்றன என்பதை) லேசரில் அளந்தபோது அது எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்தது, மாய அணுக்கருவுக்கு அது அழகல்ல. 32 பற்றிய பேச்சு இன்னும் அடங்கவில்லை.

செய்முறை பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லாமல் விட மனமில்லை. இரண்டு பாணிகள் உண்டு. ஐசோல்டே பாணியில் 1.4 ஜி.இ.வி. (ஒரு ஜி.இ.வி. ஆயிரம் எம்.இ.வி.) புரோட்டான்கள் கெட்டியான யுரேனியம் கார்பைடு இலக்கைத் தாக்குகின்றன. இலக்கைச் சுமார் 2000 டிகிரி செல்சியஸில் வைத்திருப்பார்கள், உண்டான அணுக்கள் ஆவியாகி வெளியே கசியும், அவற்றை அயனியாக்கி காந்தத்தால் நிறை வாரியாகப் பிரிப்பார்கள். சோடியம், பொட்டாசியம் போன்ற கார உலோகங்கள் சட்டென்று கசியும், எளிதில் அயனியாகும். தொடக்க காலக் கண்டுபிடிப்புகளில் சோடியமும் பொட்டாசியமும் மறுபடி மறுபடி வருவதற்கு வேதியியல்தான் காரணம், அணுக்கரு இயற்பியல் அல்ல. நிக்கல் போன்ற பிடிவாதக்காரர்கள் இந்த வழியில் எளிதில் வர மாட்டார்கள்.

அவர்களுக்கு ரிக்கென் பாணி. யுரேனியம்-238 அயனிகளையே ஒவ்வொரு நியூக்ளியானுக்கும் (புரோட்டானோ நியூட்ரானோ) 345 எம்.இ.வி. என்ற ஆற்றலில் மெல்லிய பெரிலியம் தகட்டில் மோதவிட்டால், அவை பறந்தபடியே பிளக்கும். துண்டுகள் காந்தங்களின் வழியே பறந்து வரும்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் கண்டு, குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள் போட்ட சிலிக்கான் உணரியில் புதைய விடுவார்கள். எந்தக் கட்டத்தில் எந்த அணுக்கரு எப்போது விழுந்தது என்று குறித்துக்கொண்டு, அதே கட்டத்திலிருந்து எலக்ட்ரான் எப்போது கிளம்புகிறது என்று காத்திருப்பார்கள். சுற்றிலும் ஜெர்மேனியம் உணரிகள் காமாவுக்காக நிற்கும். (இரவு மூன்று மணிக்குத் திரையில் 1461 கே.இ.வி.யில் ஒரு கூர்மையான கோட்டைப் பார்த்துப் புதிய நிலை என்று நான் துள்ளியதுண்டு. கான்கிரீட் சுவரில் இருக்கும் பொட்டாசியம்-40 அது. எல்லோரும் ஒருமுறை இதில் விழுந்து எழுந்தவர்கள்தான் என்று பிறகு தெரிந்தது.)

இந்த முறையின் பெரிய பலம் சிக்கனம். நிக்கல்-78-ல் 28 புரோட்டான், 50 நியூட்ரான், இரண்டும் மாய எண். 2005-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் அதன் அரை ஆயுட்காலத்தை முதன்முதலாக அளந்தபோது கையில் கிடைத்தவை மொத்தம் 11 அணுக்கருக்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை இவர்களைப்போல நம்பியவர்கள் இருக்க மாட்டார்கள். வந்த விடை சுமார் 110 மில்லி விநாடி, பிழை வரம்பும் கிட்டத்தட்ட அதே அளவு. 2014-ல் ரிக்கென் அதை 122 மில்லி விநாடி என்று, பிழையை ஐந்துக்குச் சுருக்கி வெளியிட்டது. அதைவிடச் சுவையானது பக்கத்து வீட்டு எண்கள். நிக்கல்-77-க்கு 159, நிக்கல்-78-க்கு 122, நிக்கல்-79-க்கு 43. மெல்ல இறங்கி வந்தது 50-ஐத் தாண்டியதும் மூன்றில் ஒரு பங்காக விழுகிறது. 51-வது நியூட்ரான் அடுத்த கூட்டில், தளர்வான பிணைப்பில் உட்கார்ந்திருக்கிறது, எனவே சிதைவாற்றல் தாவுகிறது, ஐந்தாம் அடுக்கு மீதியைப் பார்த்துக்கொள்கிறது. ஒரு காமா கோடுகூட இல்லாமல், கடிகாரத்தை மட்டும் வைத்து ‘இங்கே கூடு மூடுகிறது’ என்று சொல்லிவிட்டார்கள். நிக்கல்-78-ன் 2+ நிலை 2.6 எம்.இ.வி. என்று நேரடியாகத் தெரிந்தது 2019-ல்தான்.

இனி பலவீனங்கள். இவற்றை மறைத்தால் நேர்மையாகாது.

தேர்வு விதி தற்சுழற்சியை ஒரே எண்ணாகச் சொல்லாது, வரம்பைத்தான் சொல்லும். சோடியம்-31-ன் தற்சுழற்சி 3/2. அனுமதிக்கப்பட்ட சிதைவில் மகள் நிலை 1/2, 3/2, 5/2 எதுவாகவும் இருக்கலாம். மக்னீசியம்-31-ன் அடிநிலை 3/2 என்றே பீட்டா சிதைவுத் தரவை வைத்துப் பல ஆண்டுகள் ஊகித்திருந்தார்கள். 2005-ல் ஐசோல்டேயில் லேசரும் காந்தப்புலமும் கொண்டு நேரடியாக அளந்தபோது 1/2 என்று வந்தது. மக்னீசியம்-33-ல் இன்னும் கடுமையான வழக்கு. காந்தத் திருப்புத்திறனை (அணுக்கரு எவ்வளவு வலுவான சிறு காந்தம் என்பதை) அளந்தவர்கள் 2007-ல் அதன் அடிநிலையின் பாரிட்டி எதிர் என்றார்கள். சிதைவை அளந்தவர்கள், அலுமினியம்-33-ன் அடிநிலைக்கு இவ்வளவு வலுவாகப் போகிறதே, லாக்-எஃப்டி சிறியதாக இருக்கிறதே, எனவே நேர் என்று அடுத்த ஆண்டு எழுதினார்கள். என் மனம் காந்தத் திருப்புத்திறன் பக்கம்தான் சாய்கிறது. காரணம் அடுத்த பலவீனம்.

சிதைவாற்றல் அதிகமாக இருக்கும்போது உயரத்தில் உள்ள நூற்றுக்கணக்கான நிலைகளுக்குச் சிறுகச் சிறுகப் பங்கு போகும். ஒவ்வொன்றிலிருந்தும் வரும் காமா மிக மெலிது, ஜெர்மேனியம் உணரிக்கு அகப்படாது. பார்க்காததைக் கணக்கில் சேர்க்க முடியாது, எனவே அந்தப் பங்கெல்லாம் அடிநிலைக்கே போனதுபோலத் தோன்றும், அங்கே லாக்-எஃப்டி பொய்யாகச் சிறுத்துவிடும். 1977-ல் ஹார்டியும் சக ஆய்வாளர்களும் ஒரு கற்பனை அணுக்கருவைக் கணினியில் செய்து, அதற்குப் பாண்டமோனியம் என்று பெயரிட்டு, இந்த ஏமாற்றை அம்பலப்படுத்தினார்கள். அன்றிலிருந்து இதற்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. மருந்து, மாதிரியைப் பெரிய படிகம் ஒன்றால் முழுதாகச் சூழ்ந்து, காமாக்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் மொத்த ஆற்றலாகப் பிடிப்பது. போதாக்குறைக்கு, நியூட்ரான் மிகுந்தவை சிதைந்ததும் மகள் பல நேரம் காமா விடாமல் ஒரு நியூட்ரானையே உதறிவிடும். ரிக்கெனில் அதற்காகவே 140 ஹீலியம்-3 குழாய்களை அடுக்கிய பிரிக்கென் என்ற உணரி இருந்தது.

இதெல்லாம் யாருக்கு வேண்டும் என்று கேட்டால், தங்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டியவர்களுக்கு வேண்டும். நியூட்ரான் விண்மீன்கள் மோதுவது போன்ற இடங்களில் அணுக்கருக்கள் நியூட்ரானை விழுங்கி விழுங்கி வளரும்போது, 82 நியூட்ரான் என்ற கூட்டை எட்டியதும் தேங்கி நிற்கும். பீட்டா சிதைவு வந்து ஒரு புரோட்டானைக் கூட்டினால்தான் மேலே நகரலாம். அப்படிக் காத்து நிற்பவற்றில் ஒன்று காட்மியம்-130. அதன் அரை ஆயுட்காலம் நெடுநாள் 162 மில்லி விநாடி என்று இருந்தது. 2015-ல் ரிக்கென் 127 என்றது, அடுத்த ஆண்டு கனடாவின் ட்ரையம்ஃப் ஆய்வகம் 126 என்று ஒத்துப்போனது. 35 மில்லி விநாடிதானே என்று நினைக்க வேண்டாம். அளக்க முடியாத மற்ற 82-நியூட்ரான் அணுக்கருக்களின் ஆயுளை, காட்மியம்-130-க்குப் பொருந்தும்படி சரிசெய்த கூட்டு மாதிரிக் கணக்குகளை வைத்துத்தான் ஊகித்துவந்தார்கள். அந்த ஒரு எண் குறைந்ததும் எல்லாமே சேர்ந்து குறைந்தது.

மிச்சிகனில் எஃப்ரிப் என்ற புதிய முடுக்கி 2022-ல் இயங்கத் தொடங்கியபோது முதல் பரிசோதனையே பீட்டா சிதைவுதான்: கால்சியம்-48 கற்றையை உடைத்து, 28 நியூட்ரானைச் சுற்றியுள்ள லேசான அணுக்கருக்களின் அரை ஆயுட்காலங்களை அளந்தார்கள். அந்தத் தரவிலேயே வேறொன்றும் கிடைத்தது. எல்லாவற்றையும் தொடங்கிவைத்த அதே சோடியம்-32-ல் 24 மைக்ரோ விநாடி வாழும் ஒரு கிளர்ச்சி நிலை. 2023-ல் வெளிவந்த அந்த ஆய்வு அதற்கு இரண்டு விளக்கம் தருகிறது. ஒன்று, தற்சுழற்சி 6 என்பதால் இறங்க வழியில்லாமல் மாட்டிக்கொண்டது. இன்னொன்று, தற்சுழற்சி 0, கோள வடிவம், உருமாறிய அடிநிலைக்கு இறங்க வடிவமே தடை. இரண்டில் எது என்பதை அந்தத் தரவு சொல்லவில்லை.